நீதிபதி ஐலெர்ஸ் சொன்ன ‘இல்லை’

ஹின்ரிச் ஐலெர்ஸ், ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றங்கரை நகரமொன்றில் கொலை வழக்குகளை விசாரித்து ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி. விருந்துக்குப் போனாலும் வழக்குப் பேச்சை எடுக்கமாட்டார். மூடிய அறைக்குள் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை ஒரு நீதிபதி சாகும்வரை சொல்லக்கூடாது, அதுதான் சட்டம். மனைவி கேசாகூடத் தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தார்.

ஒன்னோ ஹார்ம்ஸ் வழக்கு மட்டும் அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்குத் தீ வைத்து முதலாளியைக் கொன்றதாகப் பண்ணையாள் ஒன்னோமேல் குற்றம். முடிவு சொல்ல ஐந்து பேர்: பொதுமக்களில் இருவர், நீதிபதிகள் மூவர். தலைவரான ஐலெர்ஸ் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்களாம். நல்ல ஏற்பாடுதான். நான்கு பேர் ‘குற்றவாளி’ என்று முடித்த பிறகு ஐலெர்ஸ் ‘இல்லை’ என்றார். அது யாருக்கும் உதவவில்லை.

நால்வரின் முடிவைத் தீர்ப்பாக எழுதவேண்டிய இளைய நீதிபதியின் எழுத்து திருப்தியாக இல்லையென்று இவரே உட்கார்ந்து எழுதினார். வேலையென்று வந்துவிட்டால் அவ்வளவு சுத்தம். மேல்முறையீடு தள்ளுபடியானது.

ஒன்னோ சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். பிற்பாடு, செத்த முதலாளியின் மருமகனே தீ வைத்ததை ஒப்புக்கொண்டான். ஐலெர்ஸைக் கண்டால் ஊரார் எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலை நிமிர்ந்து நடந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. அந்த வைராக்கியத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு நவம்பர் மழையில் ஒன்னோவின் அக்காள் தலேயா வந்தாள். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை.

“வேற ஒண்ணுக்கும் வரலை ஐயா. அம்மா படுத்த படுக்கையா கெடக்கு. ஒருத்தராவது அவனை நம்புனாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கு.”

சட்டமாவது மண்ணாவது என்றாகிவிட்டது ஐலெர்ஸுக்கு.

“நான் நம்புனேம்மா. நான் ஒருத்தன்தான் அவன் செய்யலைன்னு சொன்னேன்.”

அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று பாவம் அவர் எதிர்பார்த்தார். தலேயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்த நாலு பேரு அவன்தான் செஞ்சான்னு தப்பா நெனச்சாங்க, சரி. நீங்க செய்யலைன்னு நெனச்சுக்கிட்டே அவனைக் கட்டிப்போட்டு எழுதியிருக்கீங்க. தலைவரே கைப்பட எழுதுனது, ஒரு எடத்துலயும் நமக்குப் பிடி கெடைக்கலைன்னு வக்கீல் சொன்னாரு.”

அப்படித்தான் எழுதவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் தலேயா எழுந்து கதவுவரை போய் நின்றாள்.

“யாருமே நம்பலைன்னு சொல்லிடறேன். அம்மா அதைத் தாங்கிக்கும்.”