டக்ளஸுக்குச் சொன்ன பரிகாரம்

லட்சுமிநாராயணன் தன் ஆயுசில் யாரிடமும் நேராக ‘முடியாது’ என்று சொன்னதில்லை. மூன்று தங்கைகளுக்கு வரன் பார்த்தவர் அவர். வேண்டாத இடம் என்றால், “எல்லாம் பிடிச்சிருக்கு, ஜாதகம்தான் சேரலை” என்று சொல்லி அனுப்புவார். வந்தவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிரகங்களை நொந்துகொண்டு போவார்கள். அவரை நொந்துகொண்டு போனவர் ஒருவரும் இல்லை.

இந்தக் கலை இன்டர்நெட்டில் ஏறியது 2005இல்.

அப்போது அவரும் நல்லகாமனும் தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் ஏஜென்சி நடத்தினார்கள். ஆரப்பாளையத்தில் ஃபிளெக்ஸ் போர்டு கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன் நல்லகாமன். டிசைன் அவன் பொறுப்பு. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது லட்சுமிநாராயணன். வெளிநாட்டு வேலைகளைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஏஜென்சியின் பெயரைப் பதிந்திருந்தார்கள். வேலை தர நினைப்பவர் அழைப்பு அனுப்புவார். சம்மதமா இல்லையா என்று பதில் போட்டாக வேண்டும். பதிலைப் பற்றி மூன்று புகார் சேர்ந்தால் தளத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

இரண்டு சேர்ந்துவிட்டது. ஓர் அழைப்புக்குப் பதிலே போடவில்லை என்று ஒன்று. இன்னொன்று, நல்லகாமன் போட்ட பதிலால் வந்தது. ‘நோ’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

“இன்னொண்ணு வந்துச்சுன்னா நான் திரும்ப ஃபிளெக்ஸ் மெசின்ல போயி நிக்கணும்ணே. கிளம்பும்போதே அந்த ஓனரு, ‘எம்புட்டு நாளைக்குன்னு பாக்குறேன்’னு சிரிச்சாரு.”

“இனிமே பதில் நான் போடுறேன் மாப்ள. நீ படத்த மட்டும் போடு.”

மறுநாள் முதல் அழைப்பு அனுப்பியவர்களுக்கெல்லாம் கேள்விகள் போயின. பூர்வீகம் எது, கடை அப்பா காலத்ததா, கூடப்பிறந்தவர்கள் யார் யார், பிறந்த தேதி, நேரம், ஊர்.

“அண்ணே, அவன் சோப்பு விக்கிறவன். நம்மகிட்ட பொண்ணா கேக்குறான்?”

“விசாரிக்காம ஒருத்தன் வேலைய எப்படிடா எடுக்கிறது?”

விசாரணையில் தேறியவர்களுக்குச் சம்மதம் போயிற்று. தேறாதவர்களுக்கும், இரண்டு பேரால் செய்ய முடியாத வேலைகளுக்கும் ஒரே பதில்: ‘தங்கள் அழைப்பு கண்டு மகிழ்ந்தோம். எங்கள் பங்குதாரரின் ஜாதகத்தோடு தங்கள் ஜாதகம் பொருந்திவரவில்லை. தங்களுக்கு நல்ல இடம் விரைவில் அமையும்.’

நல்லகாமன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒருவரும் புகார் செய்யவில்லை. ஜெர்மனிக்காரர் ஒருவர், கிரகம் மாறினால் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். டெக்சாஸிலிருந்து ஓர் அம்மாள், தன் இரண்டாவது கல்யாணத்துக்கு முன்னாலேயே இவர்களைத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டு எழுதினாள்.

பிறகுதான் டக்ளஸ் வந்தார். கனடாவில் ஒரு கடலோர ஊரில் படகு விற்பவர். எதிர்க்கடைக்காரனின் வெப்சைட்டை அப்படியே எடுத்து, பேரை மட்டும் மாற்றித் தரவேண்டும் என்றார். அது திருட்டு. வழக்கமான பதில் போயிற்று.

டக்ளஸ் விடவில்லை. ‘பொருந்தாவிட்டால் என்ன செய்து பொருத்துவது?’ என்று கேட்டார்.

வரன் பார்த்த காலத்தில் யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. லட்சுமிநாராயணன் வீட்டுக்குப் போய் மனைவி பத்மாசினியிடம் சொன்னார்.

“சனிக்கிழமை காக்காய்க்கு எள்ளுச் சாதம் வைக்கச் சொல்லுங்க. வெள்ளைக்காரன் எங்க வடிக்கப்போறான்? அதோட விட்டுருவான்” என்றாள் அவள்.

டக்ளஸ் வடித்தார். புகைப்படமும் அனுப்பினார். கடைக் கூரையில் ஒரு தட்டு. தட்டைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கடல்புறாக்கள். ‘எங்கள் ஊரில் காகம் குறைவு. இவை செல்லுமா?’

“செல்லாதுன்னு சொல்லுங்கண்ணே!”

“சோறு போட்டவன்கிட்ட எப்படிடா சொல்றது? பக்கத்துலயே ஒரு கறுப்புப் பறவை தெரியுதான்னு படத்த பெருசு பண்ணிப் பாரு.”

கறுப்பாகத் தெரிந்தது புகைபோக்கி. லட்சுமிநாராயணன் யோசித்து, ‘பரிகாரம் நடந்துகொண்டிருக்கிறது, தொடரவும்’ என்று எழுதினார். வாராவாரம் சனிக்கிழமை தட்டு ஏறியது. பறவைகள் வெள்ளிக்கிழமையே வந்து உட்காரத் தொடங்கின. அப்புறம் போகவே இல்லை. விற்பனைக்கு நின்ற படகுகளையெல்லாம் எச்சமிட்டு வெள்ளையடித்தன. டக்ளஸிடமிருந்து மூன்றாவது புகார் வந்தது.

நல்லகாமன் தன் மவுஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். “ஃபிளெக்ஸ் கடைக்குப் போறேண்ணே. ஓனரு சிரிச்சு முடிச்சதும் உங்களுக்குப் போன் போடுறேன்.”

“இருடா. முழுசாப் படிப்போம்.”

தளத்தின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், தங்கள் விதிகளில் பறவை பற்றி ஒன்றும் இல்லை என்றும், இந்தப் புகாரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று விளங்கவில்லை என்றும், ஆகவே தள்ளுபடி செய்வதாகவும் கண்டிருந்தது. நல்லகாமன் மவுஸை வெளியே எடுத்து மாட்டினான். லட்சுமிநாராயணன் அன்றே டக்ளஸுக்கு எழுதினார்: ‘இப்போது பொருந்திவிட்டது. ஆனால் இன்னொருவர் வெப்சைட் தங்கள் ராசிக்கு ஆகாது. தங்கள் கூரையைப் படம் எடுத்து அனுப்பவும்.’

அந்தப் பறவைகளை வைத்தே நல்லகாமன் வெப்சைட் செய்தான். கடல்புறாக்களைப் பார்க்க வந்தவர்கள் படகு வாங்கினார்கள். எதிர்க்கடைக்காரனும் ஜாதகம் அனுப்பிவைத்தான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை, லட்சுமிநாராயணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். வேலை பாதியில் நின்றவர்களுக்கெல்லாம் நல்லகாமன் எழுதினான். இந்த முறையும் சின்னப் பதில்தான். அதற்கு மேல் அவனுக்கு எழுத வரவில்லை. ஒருவரும் புகார் செய்யவில்லை.

டக்ளஸிடமிருந்து பதில் வந்தது. ‘இன்று சனிக்கிழமை இல்லை. என்றாலும் சாதம் வடித்துக் கூரையில் வைத்தேன். தட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் ஒன்று மட்டும் இறங்கி வந்து சாப்பிட்டது.’

நல்லகாமன் அதைப் பத்மாசினிக்குப் போனில் படித்துக் காட்டினான்.

“அண்ணி? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். அந்த டக்ளஸுக்கு ஒரு வார்த்தை எழுதுப்பா. சோறு குழையாம வடிக்கச் சொல்லு. குழைஞ்சா அவருக்குப் பிடிக்காது.”