பந்தல்ல கேட்ட தாளம்

தோல் பதனிடுற ஷாப்பு கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண எறங்கின ரெண்டு பேரும் உயிரோட ஏறல. ஒருத்தர் என் வீட்டுக்காரர், இன்னொருத்தர் ஸ்டெல்லா புருஷன். முதலாளியைக் கைது பண்ணச் சொல்லி, பேரணாம்பட்டு தாலுகா ஆபீஸ் எதிர்ல நாங்க பந்தல் போட்டு உக்காந்தோம்.

ஸ்டெல்லா புருஷன் லீவு நாள்ல பேண்டு செட்டுல டிரம் அடிச்சவர். அதனால சாயந்தரமானா அந்த செட்டுக்காரங்க வந்து வாசிப்பாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டு கேப்பா. எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரருக்கு வாசிக்க யார் இருக்காங்க?

ஒருநாள் தாங்க முடியாம, "உனக்கு இன்னாடி, கச்சேரியோட அழறே"ன்னுட்டேன்.

அவ கோச்சுக்கல. "அக்கா, இப்ப அடிக்கிறது உங்க வீட்டுக்காரர் தாளம். சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸ் மூடியில தட்டுவாராம். எங்காளு அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் செட்டு வாசிப்புல சேர்த்துக்கிட்டார்"னா.

காது கொடுத்துக் கேட்டேன். அதேதான். ராத்திரி சோத்துத் தட்டுல அவர் தட்டுற தாளம். "பேஜார் பண்ணாம தின்னுய்யா"ன்னு தினம் நான் நிறுத்தின தாளம்.

முதலாளி இன்னும் வெளியதான் இருக்கார். நாங்களும் பந்தல்லதான் இருக்கோம். செட்டு வந்தா இப்ப நானும் முன்னாடி போய் உக்கார்றேன். பொறாமை மட்டும் போகல. அது இப்ப, அவரைத் தட்டவிட்டுக் கேட்டவங்க மேல.