உப்புப் போட மறந்தது அக்கா அல்ல

அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அக்காவின் கணவரான மாமா கேட்டார். எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது.

அக்கா பிறந்தது காலடிப்பேட்டையில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. ராயபுரத்தில் இறால் உரிக்கப் போய், விரல் இடுக்கெல்லாம் புண்ணாக என்னைப் படிக்கவைத்தார். மீன் பதப்படுத்தும் படிப்பை முடித்து, எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் மேற்பார்வையாளரானேன். பிறகு அக்காவுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. உறவைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன், பெரிய மனிதன் போல.

“சர்தான் நைனா. சாருன்னே கூப்ட்றேன்” என்று சிரித்தார்.

அங்கே மீன் உருண்டை செய்வோம். அலசிய மீன் சதையில் உப்பைச் சேர்த்துக் குளிரக் குளிர அரைத்தால்தான் சதையின் புரதம் கரைந்து பசையாகும். வெந்ததும் இறுகித் துள்ளும். உப்பில்லாவிட்டால் உதிர்ந்துவிடும். உப்பை அளந்து போடுவது என் பொறுப்பு.

அன்று அரவை இயந்திரத்தில் நின்றவர் அக்கா. விழுதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: “சார், பசையே வரல. உப்பு போட்டீங்களா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படித்தவனுக்கே பாடமா என்று எரிந்து விழுந்தேன். வேகவைத்ததும் மொத்தமும் மணலாக உதிர்ந்தது. அளந்து வைத்த உப்பு என் மேசையிலேயே இருந்தது. அதைத் துணியால் மூடினேன். மேலாளர் வந்து கேட்டபோது, நான் அளந்து கொடுத்துவிட்டேன், அந்தம்மாதான் போட மறந்துவிட்டது என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

“ஆமா சார். மறந்துட்டேன்” என்றார்.

அன்றே அனுப்பிவிட்டார்கள். முட்டி வலியால் வேலையை விட்டதாகத்தான் உங்களிடமெல்லாம் சொன்னார். மாமாவிடமும் அதையேதான். காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுத்துக் கடைசிவரை நாளெல்லாம் நின்றார். நோயில் படுத்திருந்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. பயம், வெட்கம், இரண்டும்தான். அவர் பொறுமைசாலி என்று இங்கே எழுதி நான் நல்லபேர் வாங்கக் கூடாது.

அக்காவின் இறுதி நாட்களில் உடனிருந்த உறவினருக்கும், வாசலில் பந்தல் போட்டுத் தந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆலையிலிருந்து வந்து அழுத பெண்களுக்குத் தனி நன்றி. என்னை அங்கே தம்பியாகப் பார்த்து அவர்கள் ஏன் திகைத்தார்கள் என்று இப்போது எல்லோருக்கும் புரியும். இந்த மலரின் முதல் பிரதியை மேலாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.