சித்தப்பாவின் ராடும் ஒர்க்ஷாப் அண்ணனின் ராடும்

தூண்டில் கம்பை ராடு என்றுதான் சொல்ல வேண்டும் என்று சித்தப்பா எங்கள் வீட்டில் உத்தரவே போட்டிருந்தார். கம்பு என்றால் மூங்கிலில் வெட்டுவது. இது கார்பன், கூரியரில் வந்தது, இரண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டுக்கொள்ளலாம். அம்மா மட்டும் வீம்புக்காகவே கம்பு என்றாள். சம்பளத்தைக் கொண்டுபோய் ஒரு குச்சியில் கொட்டுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது அவள் கவலை. அந்த ராடை அவர் கண்மாய்க்குக் கொண்டுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். அப்போது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா திருமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தார். அடுத்தாற்போல் இருந்த மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப்பில் அவருடைய சிநேகிதர் இருந்தார். அவரும் எங்கள் ஊர்தான். ஆனால் ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி இருக்கும் காலனி. நான் அவரை ஒர்க்ஷாப் அண்ணன் என்பேன். அவருக்கும் மீன் பைத்தியம். விடுமுறை கிடைத்தால் இருவரும் வைகைப் பக்கம் போய், ரப்பர் தவளையைத் தண்ணீரில் எறிந்து எறிந்து இழுத்து விரால் பிடிப்பார்கள். பிடித்ததைவிடப் பேசியது அதிகம்.

அண்ணனிடமும் ஒரு ராடு இருந்தது. பைபர். ஆரப்பாளையத்தில் யாரிடமோ பழையதாக வாங்கி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, புது வளையம் வைத்து, சிவப்பு நூலால் சுற்றி, மேலே பசை பூசியிருந்தார். பீற்றிக்கொள்வதில் அவர் சித்தப்பாவுக்கும் ஒரு படி மேல். எது நல்ல ராடு, கொடுத்த காசுக்கு எது தகும் என்று இரண்டு பேரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

ஒரு விஷயத்தை நான் கவனித்திருந்தேன். திருமங்கலத்தில் கடை வாசலில் நிற்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் சித்தப்பா மட்டும் மாப்ள என்பார். அண்ணன் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். சைக்கிளை விட்டு இறங்கி, வாசலுக்குத் தள்ளி நின்று தொண்டையைச் செருமுவார். சித்தப்பா எழுந்து போவார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அது கண்மாயில் தண்ணீர் வற்றி வரும் நேரம். எங்கள் ஊரில் கண்மாய் மீனை யாரும் தனியாகப் பிடிக்கக் கூடாது. ஒரு நாள் குறித்து, ஊரே, மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாக இறங்கி அள்ளும். காலனிக்காரர்கள் தெற்கு மூலையில் இறங்குவார்கள். அந்த நாள் வரும்வரை யாரும் தூண்டில் போடக் கூடாது என்று கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள், மீறினால் அபராதம். சித்தப்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தூண்டில் முள் கட்டாமல், நரம்பின் நுனியில் வெறும் ஈயக்குண்டைக் கட்டி எறிந்தால் அது மீன் பிடிப்பது ஆகாது, ராடைச் சோதிப்பதுதான். பொட்டலில் எறிந்தால் குண்டு உருண்டு ஓடிவிடும், தண்ணீர்தான் சரி என்றார். குண்டு விழுந்து வட்டம் போடும் இடத்தைப் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார்.

மடைக்குப் பக்கத்தில் கருவேல மர நிழலில் சோதனை ஆரம்பமாயிற்று. முதலில் பஞ்சு. சாமி விளக்குத் திரிக்கு வைத்திருந்ததை நான்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் பஞ்சு சிக்கும். பஞ்சு சிக்கும் இடத்தில் நரம்பும் தேயும், பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துபோகும். அண்ணனின் ராடில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. சித்தப்பாவின் ராடில் மூன்றாவது வளையத்தில் ஒரு துணுக்கு நின்றுவிட்டது.

“இம்புட்டுக் காசு வாங்கிட்டு, வளையத்துக்குப் பதிலா ரம்பத்த வச்சு அனுப்பிருக்கான் மாப்ள” என்றார் அண்ணன்.

சித்தப்பா விடவில்லை. இரண்டையும் என் கையில் கொடுத்து எது கனம் என்று கேட்டார். அண்ணனுடையதை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு வலித்தது. சித்தப்பாவுடையதைப் பிடித்திருப்பதே தெரியவில்லை. நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கியபோது கார்பன் நுனியில் மட்டும் வளைந்து, அடியில் விறைப்பாக நின்றது. பைபர் கைப்பிடி வரைக்கும் வளைந்தது. துண்டு சேரும் இடத்தை ஆட்டிப் பார்த்தார்கள். நரம்பு சுற்றும் ரீல் உட்காரும் திருகாணியை முறுக்கிப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் இப்படி நோண்டியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் எறிந்தார்கள். சித்தப்பாவின் குண்டு நல்ல தூரம் போயிற்று. அண்ணனின் குண்டு அதைத் தாண்டி விழுந்தது. அது கை வாகு, ராடு இல்லை என்றார் சித்தப்பா. அப்படியானால் மாற்றி எறிவோம் என்றார் அண்ணன். மாற்றிக்கொண்டார்கள். கார்பன் ராடைக் கையில் வாங்கியதும் அண்ணனின் கேலி நின்றுவிட்டது. காற்றில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“வளையம் போகட்டும் மாப்ள. நெசமாவே நல்ல பொருளுதேன்.”

சித்தப்பாவின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணன் கரையோரம் இரண்டடி இறங்கி நின்று எறிந்தார். குண்டு கண்மாயின் நடுவில் போய் விழுந்தது. நான் வட்டத்தைப் பார்த்துக் கைதட்டினேன். எதிர்க்கரையில் கண்மாய்க் காவல்காரர் எழுந்து நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் கத்திக்கொண்டே கரையைச் சுற்றி வந்தார். வயலில் நின்ற சிலரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஓடியிருக்கலாம். சித்தப்பா ஓடவில்லை. அண்ணன் கையிலிருந்த ராடை வெடுக்கென்று பிடுங்கி, தன் கையில் இருந்ததோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். காவல்காரர் வந்ததும், “ரெண்டும் என்னுதுதேன். நாந்தேன் எறிஞ்சேன். இவன் சும்மா வேடிக்க பாத்துக்கிட்டு நின்னான்” என்றார். அண்ணன் வாயைத் திறந்தார். சித்தப்பா போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் இறங்கிப் போனார்.

எனக்குக் கோபம் பொங்கியது. சிவப்பு நூல் சுற்றிய ராடு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? பஞ்சில் தோற்றுப்போனவர், ஜெயித்தவரின் ராடையும் சேர்த்து அமுக்கிக்கொள்கிறார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை அவர் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்தேன்.

சாயங்காலம் மந்தைத் திடலில் ஊர் கூடி, இரண்டு ராடையும் கொண்டுவந்து நடுவில் வைக்கச் சொன்னது. கூட இருந்தவள் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். வழி நெடுக ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: முள் கட்டவில்லை, ஈயக்குண்டு மட்டும்தான். அதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்து விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். முள் இருந்ததா என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. எறிந்தவன் நீலச் சட்டை போட்டிருந்தான் என்றார் காவல்காரர்; சித்தப்பா நின்றது வெள்ளைச் சட்டையில். ஒரு பெரியவர் என் முன்னால் குனிந்து, சிவப்பு நூல் சுற்றியதைக் காட்டி, “இது யாரு கம்பு, ஆத்தா?” என்று கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அவர் கெஞ்சுகிறார் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கூட்டத்தின் பின்பக்கம் சலசலப்பு. ஒர்க்ஷாப் அண்ணன் வந்துகொண்டிருந்தார். மந்தைக்குள் அவ்வளவு தூரம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். அண்ணன் பெரியவர்களைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்தார்.

“என் ராட எதுக்கு மாப்ள ஒன்னுதுன்னு சொன்ன? நானுந்தான எறிஞ்சேன்?”

மந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாருக்கு யாரடா மாப்ள என்று ஒருவர் பாய்ந்து வந்தார். அவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ராடைப் பற்றியோ மீனைப் பற்றியோ கண்மாயைப் பற்றியோ பேச்சே எழவில்லை. ஆயிரம் தடவை நான் கேட்டிருந்த அந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணனின் அப்பா மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு, ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு அபராதம் போட்டார்கள். வயசுக் கோளாறு என்று அதிலும் பாதியைத் தள்ளினார்கள். அண்ணனுக்கு அபராதமே இல்லை. அவருடைய ராடைத் தரையில் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, “எடுத்துட்டுப் போ. இந்த வருசம் ஒங்க ஆளுக யாரும் கண்மாயில எறங்க வேணாம்” என்றார் பெரியவர். அது எப்படி என்று சித்தப்பா எழுந்தார். என் அப்பா அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டுதான் ராடை எடுத்தார்.

எனக்கோ பரம திருப்தி. பொருள் உடையவனிடம் போய்ச் சேர்ந்தது, பொய் சொன்னவருக்கு அபராதம், கேட்டவருக்கு ராடு. பஞ்சில் மட்டுமில்லை, மந்தையிலும் அண்ணன்தான் ஜெயித்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயில் ஒரு அடி வைத்தாள்.

சித்தப்பா சொன்ன பொய் பிரியத்தில் சொன்னது என்று இப்போது தெரிகிறது. எறிந்தது யார் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பொய்யில் அண்ணனுக்கு ராடும் இல்லை, நடுக்கண்மாய்வரை எறிந்த எறியும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஆளாக அவரைக் கரையில் நிறுத்திவிட்டது. அதை அவரால் தாங்க முடியவில்லை. தன் பொருளைக் கேட்டு வாங்கினார். அதற்கு அவருடைய தெருவே விலை கொடுத்தது. அந்தத் தெருவிலும் அவரை யாரும் மன்னிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். சில வாரங்களில் பழங்காநத்தத்தில் வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார். சித்தப்பா அவரைத் தேடிப் போனாரா, போகவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் இல்லை.

குறித்த நாளில் ஊர் கண்மாயில் இறங்கியது. தெற்கு மூலையில் ஆளே இல்லை. நானும் தெருப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே ஓடினோம். அங்கே சேறு கலங்காமல் கிடந்தது. கூடையைக் கவிழ்த்த இடமெல்லாம் மீன். விராலும் கெளுத்தியும் கெண்டையுமாக அள்ளி, தூக்க முடியாமல் தூக்கி வந்தோம். அம்மா இரண்டு சட்டி குழம்பு வைத்தாள். சித்தப்பா உடம்பு சரியில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அவர் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். அந்த வருஷம் கண்மாயில் மீன் நன்றாக விளைந்திருக்கிறது என்று வெகுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.