பூரண குணம் என்று எழுதிய டாக்டர்

ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வந்த பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது தில்லை நகர் கிளினிக்கின் நர்ஸ் போனில் கூப்பிட்டார். "சார், டாக்டரம்மா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம்கூட பேஷண்ட் பார்த்தாங்க." பிலோமினா டாக்டருக்கு மாரடைப்பு. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் ஓடியவர்கள் நம்மில் பலர். அவருடைய கைராசியைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். அவர் செய்த ஒரு தவறைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் பெரிய பங்கு என்னுடையது.

நான் முசிறிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏழாம் வகுப்பில் செல்வி என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா போர்வெல் லாரியில் ஒடிசாவுக்கு வேலைக்குப் போனவர். கோடை விடுமுறைக்குக் குடும்பமும் அங்கே போனது. திரும்பி வந்தபோது அவளுக்கு மலேரியா. அது மூளையைத் தாக்கி, வலிப்பு வந்து, நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிலோமினா டாக்டர்தான் காப்பாற்றினார். பள்ளியில் கொடுக்க ஒரு சீட்டும் எழுதினார்: "பூரண குணம். பள்ளிக்கு அனுப்பலாம்."

வந்தவள் பழைய செல்வி இல்லை. கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே விடை சொல்பவள், கரும்பலகையைப் பார்த்து மூன்றாவது வரியை எழுதும்போது முதல் வரியை மறந்தாள். சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னால், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தேன். அவளுடைய அம்மா வந்து, "காய்ச்சலுக்கு அப்புறந்தான் சார் இப்படி ஆயிட்டா" என்றார். நான் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன். "டாக்டரே எழுதியிருக்காங்க பாருங்க. செல்லம் கொடுத்துக் கெடுக்காதீங்க." டாக்டரின் எழுத்துக்கு முன்னால் அந்த அம்மாள் என்ன பேசுவார்? எட்டாம் வகுப்போடு செல்வி நின்றுவிட்டாள்.

பிறகு ஒருநாள் என் மகளுக்கு இருமல் என்று கிளினிக் போனேன். என் பள்ளியின் பெயரைக் கேட்டதும் டாக்டர், "செல்வி எப்படிப் படிக்கிறா?" என்றார்.

"நின்னுட்டா டாக்டர். சரியான சோம்பேறி. நீங்கதான் பூரண குணம்னு எழுதிக் கொடுத்தீங்களே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கிருமி மூளையில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் அடைச்சுடும் சார். நரம்புக்கு நரம்பு சேதி சொல்ற ரசாயனங்க அளவு தப்பிப் போகும். அளவுக்கு மேல போனா அதுவே நரம்பைக் கெடுத்துடும். காய்ச்சல் போன பிறகும் சில பிள்ளைங்களுக்கு ஞாபகமும் கவனமும் பழையபடி வர்றதில்ல." "நான் காய்ச்சலைத்தான் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்கல" என்றார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி முசிறிக்கே வந்துவிட்டார். நான்தான் வழிகாட்டினேன். செல்வி வாழை மண்டியில் இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது டாக்டர் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, "நான் தப்பா எழுதிட்டேம்மா. நீ சோம்பேறி இல்ல. என்னை மன்னிச்சுடு" என்றார். நான் பின்னால் நின்று வாழைத்தார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பப் பள்ளிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினார். "வேணாம் டாக்டர், எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் செல்வி. இன்னும் மூன்று முறை டாக்டர் போய்ப் பார்த்தார். அவள் வரவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதியதில்லை. அந்த மாதிரி காய்ச்சலில் பிழைத்த பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துப் பேசவைப்பார், வாத்தியாருக்கும் போன் போடுவார். "உயிர் பிழைச்சாச்சுன்னு நாம கேஸை மூடிடறோம். பிள்ளைக்கு அப்புறந்தான் கஷ்டமே ஆரம்பிக்குது" என்பார்.

ஒருமுறை கேட்டேன்: "என் மேல கோபமா டாக்டர்?"

"என் கோபத்தை விடுங்க. நீங்க செல்விகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

அடக்கத்துக்குச் செல்வி வந்திருந்தாள். கல்லறைத் தோட்ட வாசலில் என்னைப் பார்த்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு, "வணக்கம் சார்" என்றாள். வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கியா?" என்பதுதான் வந்தது. டாக்டர் எனக்கென்று விட்டுப்போனது அவருடைய அந்த ஒரு கேள்வி. இதை எழுதும் இன்றைக்கும் அதற்கு என் பதில், இல்லை.