ஒத்தக் குரல்

இது நடந்தது. படித்த பிள்ளைக்குப் பேய் பயமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டியது நீங்கள் இல்லை, நான்.

தேனியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனி. ஒரே ஹாலில் எல்லாரும் போனில் கத்தி வியாபாரம் செய்வார்கள். சத்தத்தைக் குறைக்கத் தடுப்பு செய்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. இது முதல் ஆர்டர்.

நான் கொண்டுபோனது ஒரு குலுக்கை. பழைய வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மண் குதிர். கம்பத்தில் இடித்த வீட்டில் வாங்கியது. கனத்த மண்சுவர் சத்தத்தைக் குடித்துவிடும். பக்கவாட்டில் வாசல் அறுத்து, உள்ளே நாற்காலி போட்டேன்.

"டிசைன் படிச்சிட்டு மண்ணச் சொமந்து வந்திருக்கியேம்மா," என்று நக்கலடித்தார் மேனேஜர் வைகுண்டராஜ். திங்கட்கிழமை அவர் சோதிப்பதாக ஏற்பாடு.

ஞாயிறு சாயங்காலம் நானே உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஃபேன் சத்தம் அடங்கியது. பஸ் ஹாரன் அடங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று கண்ணை மூடினேன்.

திறந்தால்... இருட்டு.

நான் போய்விட்டதாக நினைத்து, வாட்ச்மேன் சுருளிராஜன் மெயினை அணைத்து ஷட்டரை இறக்கியிருக்கிறார். அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. என் தடுப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

எழப் பார்த்தேன். முடியவில்லை.

சர்ர்ர்ர்...

தலைக்கு மேலே. நெல் கொட்டும் சத்தம்.

கணுக்கால் கனத்தது. முழங்கால்... இடுப்பு... தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆனால் கால் அசையவில்லை.

வாயெல்லாம் நெல் சுணை.

"சுருளிண்ணே!"

வாசல் பக்கம் தலையை நீட்டிக் கத்தியது ஒரே தரம். தொண்டை அடைத்துவிட்டது.

சர்ர்ர்ர்...

நெஞ்சு வரை.

கழுத்து.

ஷட்டர் தடதடத்தது. டார்ச் வெளிச்சம். சட்டென்று கனம் விட்டது. தவழ்ந்து வெளியே விழுந்தேன்.

"கூப்பிட்டா உடனே வரத் தெரியாதா?" கத்தினேன்.

"கோவிக்காத ஆத்தா. ஒத்தக் கொரலு பேயிக் கொரலும்பாக. ஒரு தரம் கூப்பிட்டா ஏன்னு பதில் குடுக்கக் கூடாது. நீ மூணாந்தரமும் கூப்பிடவுந்தேன் ஓடியாந்தேன்."

"நான் ஒரு தரம்தான் கூப்பிட்டேன்."

அவர் குலுக்கைக்குள் டார்ச் அடித்தார்.

"அடுத்த ரெண்டும்... சின்னப்பிள்ள கொரலாட்டம் இருந்துச்சு."

மறுநாள் மேனேஜரை அதற்குள் உட்கார விடவில்லை. ஆர்டர் போனது. போகட்டும்.

குலுக்கையை விற்ற ஹேமாவதி அக்காவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"எங்கப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சாம். ஒளிஞ்சு வெளாடயில அதுக்குள்ள எறங்கிருக்கு. தெரியாம நெல்லக் கொட்டிட்டாக. கூப்பிட்டது வீட்டுல எல்லாருக்கும் கேட்டுச்சாம்..."

"அப்புறம் ஏன் யாரும் போகல?"

"ஒரு தரம்தேன் கூப்பிட்டுச்சாம்."