குழம்பு வாளியும் நசுங்கிய வரிசைகளும்

அசனப் பண்டிகைக்கான வேலைப் பட்டியல் வாட்ஸ்அப்பில் எக்செல் கோப்பாக வந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையே ஒன்றாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும் நாள் அது. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பந்தியில் குழம்பு வாளி தூக்குவது என் வீட்டுக்காரர்தான். வீட்டில் காப்பியைக்கூடத் தானே ஆற்றிக் குடிக்காத அளவுக்கு இப்போது சோம்பேறியாகிவிட்டார், அது வேறு கதை. பந்தியில் அவரைப் பார்த்தால் எனக்குத்தான் பெருமை. பட்டியலில் அவர் பெயரைக் காணோம்.

பட்டியல் போட்ட சபைச் செயலாளர் அண்ணாச்சி வேலைதான் என்று முடிவு கட்டினேன். போன வருடம் அவர் பார்த்துப் பார்த்து வைத்த குழம்பு உப்புக் கரிக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே நம்பவில்லை.

எங்கள் சபையில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதனால் வள்ளியூர் வாத்தியார், உடன்குடி கருப்பட்டிக்கடைக்காரர் என்று ஊரையும் தொழிலையும் சேர்த்தே எழுதுவார்கள். ஒரு கட்டத்துக்குள் மூன்று பேர் வந்தால் நாலைந்து வரி ஆகிவிடும். கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று செயலாளர் வரிசைகளின் உயரத்தை நசுக்கி வைத்திருந்தார். கீழ் வரிகளெல்லாம் கட்டத்துக்குள் மறைந்து கிடந்தன. வேண்டுமென்றே செய்துவிட்டு, கேட்டால் இடமில்லை என்பார், எனக்கா தெரியாது!

வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்லோடுதான் மாரடிப்பு. மதியம் அங்கே கோப்பைத் திறந்தேன். வரிசை எண்களுக்கு நடுவே உள்ள கோட்டை இரண்டு தட்டு தட்டியதும் வரிசை தானாக உயர்ந்தது. இலை போடுகிறவர்கள் வெளியே வந்தார்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வந்தார்கள். நெடுவரிசைகளையும் இழுத்து அகலப்படுத்தினேன். குழம்புக்கு நேரே வேறு மூன்று பேர் இருந்தார்கள்.

செயலாளருக்குப் போன் போட்டுச் சுருக்கென்று கேட்டேன்.

"அவருதாம்மா வேண்டாம்னாரு. ஒங்கிட்ட சொல்லலியா?"

அதையும் நான் நம்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் செம்பைச் சாய்த்துத் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் மேசையில் கொட்டியது. காப்பி ஆற்றாதது ஏனென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கொதிக்கக் கொதிக்க ஒரு பிள்ள மேல கொட்டிட்டுன்னா என்ன செய்ய?" என்றார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, வேலைக்குப் பயந்து நடிக்கேன்னுல்லா சொல்லுவ."

மேசையைத் துடைத்துவிட்டு, அவருக்குக் காப்பி ஆற்ற எழுந்தேன்.